எட்டு போல்ட்டும் ஒரு பழைய காரும்

பத்து ஆண்டுகளை எட்டும் காரைக் கழித்துவிடுவதா, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துத் தொடர்ந்து ஓட்டுவதா? சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றிலும் இந்தப் பேச்சு எழுவதுண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுக் கட்டணம் 106,000 வெள்ளியைத் தொட்டது. அப்படிப்பட்ட விலையில் புதிய கார் வாங்கத் தயங்குவோர், பழைய காரையே இன்னும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்கு நீட்டித்துக்கொள்கின்றனர். அதற்காக எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்க்கச் சிலர் சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளுக்கும், சிலர் ஜோகூர் பாருவுக்கும் செல்கின்றனர்.

எஞ்சின் பிரிந்து கிடக்கும்போது மெக்கானிக் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: “ராட் போல்ட்டையும் ஸ்ட்ராங்கானதா மாத்திடலாமா?”

எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனையும், சுழலும் கிராங்க்‌ஷாஃப்ட்டையும் இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராட். அதன் கீழ்முனை கிராங்க்‌ஷாஃப்ட்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையம். அந்த வளையம் இரண்டு பாதியாக இருக்கும். கீழ்ப்பாதி ஒரு மூடி. அதைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட். நான்கு சிலிண்டர் எஞ்சினில் மொத்தம் எட்டு.

டர்போ வைத்து எஞ்சினின் பலத்தைக் கூட்டினால் இந்தப் போல்ட்டுகளுக்குப் பளு ஏறும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் எரிபொருள் வெடிக்கும் வேகம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவது ராட். போல்ட்டுகளுக்குச் சோதனை வருவது புகை வெளியேறும் கட்டத்தில். மேலே பறந்துவரும் பிஸ்டனை உச்சியில் நிறுத்தித் திரும்பக் கீழே இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் இரண்டு போல்ட்டுகளின் மேல் விழுகிறது.

சுழற்சி வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். சாதாரண 2 லிட்டர் எஞ்சினில், பிஸ்டனும் அதோடு சேர்ந்து ஓடும் பாகங்களும் அரைக் கிலோ எடை என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஒரு ராட்டின் மீதான இழுப்பு ஏறத்தாழ ஒன்றரை டன். 8,000 சுற்றில் அது 2 டன்னை நெருங்கிவிடும். 3,500 சுற்றிலோ 400 கிலோ அளவுதான்.

சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் குடும்பக் கார்களின் எஞ்சின் பெரும்பாலும் 2,000 சுற்றையொட்டித்தான் ஓடும். வேலைக்கும் கடைக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் மட்டும் ஓடும் காருக்குப் பந்தயப் போல்ட் தேவையில்லை. அதில் போடும் பணத்தை டயருக்கோ பிரேக்குக்கோ செலவிடலாம். மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் வார இறுதியில் காரை விரட்டுவோர் நிலை வேறு. எஞ்சினின் சுற்று வரம்பையே உயர்த்தியிருந்தால், வலுவான போல்ட் அவர்களுக்கு ஆடம்பரமன்று.

தயாரிப்பு நிறுவனமே இதில் சறுக்கியதுண்டு. 2014ல் போர்ஷ 911 ஜிடி3 கார்கள் இரண்டு ஐரோப்பாவில் தீப்பிடித்தன. கனெக்டிங் ராட்டின் போல்ட் இணைப்பு தளர்ந்து, எஞ்சின் உறை உடைந்து, கசிந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு மாடலில் அதுவரை தயாரான 785 கார்களுக்கும் போர்ஷ எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது.

‘தளர்ந்து’ என்ற சொல் இங்கே முக்கியம். வலுவான உலோகத்தில் செய்த போல்ட்டையும் சரியாக இறுக்காவிட்டால் பயனில்லை. முறுக்கிய போல்ட் ஒரு ஸ்பிரிங் போலச் சற்றே நீள்கிறது. அந்த நீட்சிதான் மூடியை இறுக்கிப் பிடிக்கிறது. பல ராட் போல்ட்டுகளில் அது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு, ஏறத்தாழ இரண்டு தலைமுடியின் தடிமன். பிடி போதாவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் போல்ட் நீண்டு சுருங்கி, களைத்து, ஒருநாள் அறுந்துவிடும். 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் அந்த இழுப்பு நிமிடத்துக்கு 3,000 முறை வரும்.

வீணை வாசிப்போருக்கு இது எளிதில் புரியும். பிரடை எவ்வளவு கடினமாகத் திரும்பியது என்பதை வைத்துச் சுருதி சொல்ல முடியாது, தந்தியைத்தான் கேட்க வேண்டும். டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணும் பிரடையின் கடினம் போன்றதே. மரை காய்ந்திருந்தால் எண் சரியாக இருக்கும், நீட்சி குறைந்திருக்கும். அதனால்தான் உராய்வைக் குறைக்கும் எண்ணெய் தடவ வேண்டும் என்று போல்ட் தயாரிப்பாளர்கள் சொல்கின்றனர். ஏஆர்பி போன்ற நிறுவனங்கள் போல்ட்டின் நீளத்தையே அளந்து இறுக்குவது சிறந்தது என்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதைச் சில பட்டறைகள் சொல்வதில்லை. புதிய போல்ட்டின் பிடி கூடும்போது ராட்டின் வட்டத் துளை சற்றே கோணலாம். ஆகவே அதை அளந்து பார்த்து, தேவைப்பட்டால் மீண்டும் கடைய வேண்டும். பழைய வகை ராட்டில் மூடியின் சேருமுகத்தைத் தேய்த்துவிட்டு வட்டத்தைத் திருத்தலாம். இன்றைய கார்கள் பலவற்றில் ராட்டை முழுதாகச் செய்து, பிறகு உடைத்தே மூடியைப் பிரிக்கின்றனர். உடைந்த சொரசொரப்பு ஒன்றோடொன்று பொருந்துவதுதான் அதன் பிடிமானம். தேய்த்தால் அது போய்விடும்.

போல்ட் அறுந்து எஞ்சின் உடைந்தது என்று கேள்விப்படும் சம்பவங்கள் பலவற்றில் முதல் குற்றவாளி போல்ட் அல்ல. எண்ணெய் குறைந்து பேரிங் தேய்ந்து கிராங்க்‌ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடித்திருக்கும். அதன் பிறகே போல்ட் அறும். எண்ணெய் அளவைப் பார்க்காத காரில் எந்தப் போல்ட்டும் காப்பாற்றாது.

எஞ்சினையே வேறொன்றாக மாற்றுவதாக இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். மற்ற மாற்றங்களில் எதற்கு அனுமதி வேண்டும் என்பதை ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

பேரிங் மாற்றுவதற்காக எஞ்சினைப் பிரித்தவர்கள், நிறுவனத்தின் அசல் போல்ட்டையே புதிதாகக் கேட்டு வாங்குவது நல்லது. குறிப்பிட்ட அளவு முறுக்கியபின் மேலும் சில பாகை திருப்பி இறுக்கும் போல்ட்டுகள் பல கார்களில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தக்கவை. பார்ப்பதற்குப் புதிதுபோல இருந்தாலும் அவை ஏற்கெனவே நிரந்தரமாக நீண்டிருக்கும். கழற்றிய எட்டையும் தன்னிடம் கொடுக்கும்படி பட்டறையில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.