மூன்று நாடா, இரண்டு பேர்

என் குட்டி விஞ்ஞானியே! காஞ்சிபுரம் பட்டுப்புடவையை உற்றுப் பார்த்திருக்கிறாயா? உடல் மாம்பழ மஞ்சளாக இருக்கும். கரை அரக்குச் சிவப்பாக இருக்கும். "இரண்டையும் சேர்த்துத் தைத்தார்களா?" என்று உனக்குத் தோன்றியதா? சபாஷ்! கூர்மையான கண் உனக்கு.

அங்கே தையலே இல்லை. அந்த வேலைக்குக் கோர்வை என்று பெயர். தறியில் நீளவாக்கில் இருப்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையைச் சுமந்து ஓடும் சின்னக் கருவி நாடா. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தலா ஒன்று. ஆக மூன்று! உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில், ஒன்றையொன்று வளைத்துப் பிடித்துத் திரும்பும். புரியவில்லையா? இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொக்கி மாதிரி மாட்டி இழுத்துப் பார். இப்போது புரிந்ததா?

மூன்று நாடாவையும் ஒருவரே ஓட்டுவது கஷ்டம். அதனால் காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில், கோர்வைத் தறியில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்காருவார்கள். பெரும்பாலும் ஒரே வீட்டுக்காரர்கள். ஒருவர் கை வேகம், இன்னொருவர் கை நிதானம். வேகக்காரர் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். அவர் அவசரப்பட்டால் கோர்வை கோணும்.

மழை வந்தால்? தறியில் ஏற்றுவதற்கு முன் பாவைத் தெருவில் நீட்டிச் சரிசெய்ய முடியாது. வானத்தைக் கோபித்து என்ன செய்ய? வீட்டுக்குள் உட்கார்ந்து தார் சுற்றுவார்கள், அதாவது நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் ஊடை நூலைச் சுற்றுவார்கள். நடந்ததை ஏற்றுக்கொள்வது என்றால் சும்மா இருப்பது இல்லை, பார்த்தாயா? எனக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

தறியில் உட்காரும் இருவரைப் போல, பக்கத்தில் நண்பர் இருந்தால் வேலை லேசாகத் தெரியுமா? இதை விஞ்ஞானிகளும் சோதித்தார்கள். சிமோன் ஷ்னாலும் அவருடைய குழுவும் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மேட்டின் அடியில் ஆட்களை நிறுத்தி, "எவ்வளவு செங்குத்து?" என்று கேட்டார்கள். தனியாக நின்றவர்களைவிட, நண்பரோடு நின்றவர்களுக்கு அந்த மேடு சரிவு குறைவாகத் தெரிந்தது. மேடு அதேதான்! பழகிய காலமும் நெருக்கமும் கூடக்கூட, சரிவு இன்னும் குறைவாகத் தெரிந்தது.

இன்னொரு சோதனை நன்றியைப் பற்றியது, 2003-இல் வந்தது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் செய்தது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு, வாரம் ஒரு முறை, நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை ஐந்து வரை எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. இப்படிப் பத்து வாரம். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தியாகச் சொன்னார்கள். அவர்கள் உடற்பயிற்சியும் அதிகம் செய்தார்களாம்!

ஒரு புடவைக்கே எத்தனை பேருக்கு நன்றி சொல்லலாம், எண்ணிப் பாரேன். கர்நாடகத்தில் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை போட்டவர், கூட்டிலிருந்து இழை எடுத்தவர், சாயம் தோய்த்தவர், சூரத்தில் ஜரிகை செய்தவர், தார் சுற்றியவர், நெய்த இருவர். அந்தப் புழுவை விட்டுவிடலாமா? கூடாது!

உனக்கும் ஒரு சோதனை தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் ஐந்து வரி எழுது. பெயரை மட்டும் எழுதாதே, அவர் உனக்கு என்ன செய்தார் என்றும் எழுது. பிறகு அதில் ஒருவரிடம் போய், அவருடைய வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டு.