சக்கர வழிகள் – 9: ஐந்து ஆறுகளைக் கடக்கும் சாலை

சைக்கிளில் செல்வதற்கு ரமணீயமான மார்க்கம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் மலையையோ கடலையோ சுட்டிக் காட்டுவார்கள். அவற்றின் சௌந்தர்யத்தைப் பற்றி எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. ஆயினும், உதகைக்கு ஏறும் சாலையில் மிதித்துச் செல்பவனுடைய கண்கள் பள்ளத்தாக்கின் மேல் செல்வதைவிடத் தன் முன்சக்கரத்துக்கு இரண்டு முழம் முன்னால் கிடக்கும் தாரின் மேலேயே அதிக நேரம் பதிந்திருக்கின்றன என்பதையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புகளும் மதிற்சுவர்களும் மறைத்தது போகக் கண்ணுக்குக் கிட்டும் கடல் எவ்வளவு சொற்பம் என்பதையும் அவ்வழிகளில் போனவர்கள் அறிவார்கள். நின்று பார்ப்பதற்கு அழகான இடம் வேறு. மிதித்துக்கொண்டே கடப்பதற்கு அழகான வழி வேறு. காட்சிகள் மாறுகிற வேகமும் சக்கரம் உருளுகிற வேகமும் எந்தச் சாலையில் இசைந்து போகின்றனவோ, அந்தச் சாலையே சைக்கிளுக்கு அழகான சாலை என்பது என் அபிப்பிராயம்.

இதற்குத் தக்க உதாரணமாகத் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலையைச் சொல்வேன். நீளம் சுமார் 12 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. கல்லணையில் காவிரியைப் பிரிந்து வரும் வெண்ணாறு, தென்பெரம்பூரில் வெட்டாற்றையும் வடவாற்றையும் பிரித்து விடுகிறது. குடமுருட்டியும் காவிரியின் கிளையே. ஆகவே, ஒரே நதியின் ஜலத்தை ஐந்து இடங்களில், ஐந்து அகலங்களில், ஐந்து விதமான கரைகளுக்கு இடையே கண்டுகொண்டு போகிறோம். நிதானமாக மிதிப்பவனுக்கு இது ஒரு மணி நேரப் பிரயாணம். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஓர் ஆறு வரும் கணக்கு. மோட்டார் வாகனத்தில் போகிறவர்களுக்கு ஓர் ஆறு மனத்தில் பதிவதற்குள் மறு ஆறு வந்து முந்தையதை அழித்துவிடுகிறது. நடந்து போகிறவர்களுக்கோ ஓர் ஆற்றுக்கும் அடுத்த ஆற்றுக்கும் நடுவே வெயிலும் களைப்பும் வந்து புகுந்துவிடுகின்றன.

ஒவ்வொரு பாலத்தையும் அணுகும்போது நிகழ்வதைச் சற்று நுணுக்கமாகக் கவனித்தால், இந்தச் சாலை சைக்கிளின் வேகத்துக்கு இசைந்திருப்பது விளங்கும். இரு மருங்கிலும் வயலும் வாழைக் கொல்லையுமாகச் சமதரையில் சென்றுகொண்டிருந்த சாலை, ஆற்றங்கரையின் உயரத்தை எட்டுவதற்காக மெல்ல மேடேறத் தொடங்குகிறது. மிதியில் கனம் கூடுகிறது. மூச்சுச் சற்றே உரக்க வருகிறது. வேகம் தானாகவே தணிகிறது. எந்த இடத்தில் வேகம் மிகவும் குறைந்திருக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் ஆறு திறந்து கொள்கிறது. நாணல் அடர்ந்த கரை, படித்துறையில் துணி துவைப்பவர்கள், தூணைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு போகும் செந்நிற வெள்ளம், மின்கம்பியில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தி ஆகிய எல்லாவற்றையும் பார்ப்பதற்கு வேண்டிய அவகாசத்தை அந்த மேடே அளித்து விடுகிறது. பாலத்தைத் தாண்டியதும் மிதிக்காமலே சக்கரம் இறங்கி ஓடுகிறது; வியர்த்த முகத்தில் காற்றுப் படுகிறது. பிரயாசை, தரிசனம், விச்ராந்தி என்ற இந்த வரிசை ஐந்து முறை திரும்பத் திரும்ப வருவதால், அந்தச் சாலைக்குத் தாளக்கட்டு ஒன்று அமைந்துவிடுகிறது.

கண்ணின் உயரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காரில் உட்கார்ந்திருப்பவருடைய கண்ணும் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால், அவருக்குத் தெரிவதெல்லாம் சிமெண்டுச் சுவரும் தூரத்துத் தென்னைகளுமே. சைக்கிள்காரனோ சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி நீரையே பார்க்கிறான்.

ஆற்றைக் குறுக்கே கடக்கும் சாலையின் அழகு இப்படியென்றால், ஆற்றோடு கூடவே போகும் சாலையின் அழகு இன்னொரு வகை. ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையோரமாக ஜெர்மனியின் பாஸ்ஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சைக்கிள் பாதை உலகப் பிரசித்தி பெற்றது. அதன் பல பகுதிகள், நீரோட்டத்துக்கு எதிராகப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற குதிரைகளுக்காகப் பூர்வத்தில் ஏற்பட்டவை. குதிரைக்கு மேடு உதவாது, கயிற்றுக்கு நதியை விட்டு விலகுவது உதவாது; ஆதலால் பாதை நீரை ஒட்டியே, நீரின் சரிவிலேயே செல்கிறது. அச்சரிவு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை மீட்டர். முழங்கால் அதை உணர்வதே இல்லை. அழகை உத்தேசித்து யாரும் அமைக்காத அந்தப் பாதை, நீரின் சொற்படி நடந்த ஒரே காரணத்தால் அழகாகி விட்டது. ஆயினும் நாள் முழுதும் ஒரே நதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவதில் ஒருவித அலுப்பு நேரக்கூடும். மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடைப்பட்ட வாக்காவ் பள்ளத்தாக்கில், கல்லடுக்கிப் படிப்படியாகக் கட்டிய திராட்சைத் தோட்டங்களும் ஆப்ரிகாட் மரங்களும் மலைச்சரிவுமாக நதியை நெருக்கிக்கொண்டு வரும்போது அந்த அலுப்பு அகன்றுவிடுகிறது. அப்பள்ளத்தாக்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நம் ஊர்ச் சாலைக்குத் திரும்புவோம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதற்கு வெளியே உள்ள மாதங்களில் ஐந்து ஆறுகளும் பெரும்பாலும் மணற்பரப்புகளே. சாலை அதேதான், அழகு மட்டும் பாதிக்கு மேல் போய்விடுகிறது. நிழலின் சங்கதியும் அவ்விதமே. புளியும் ஆலும் மருதும் கவிந்திருந்த எத்தனையோ சாலைகளை அகலப்படுத்துகிறோம் என்று மொட்டையாக்கி விட்டோம். காலை பத்து மணிக்கு மேல் நிழலற்ற சாலையில் போகிறவன் எந்தக் காட்சியையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். ஒரு சாலையின் அழகைக் கெடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான உபாயம் கிடையாது என்று மனம் நொந்தே எழுதுகிறேன்.

ஆடி மாதத்தில் போகிறவர்கள் காற்றை மறந்துவிடக் கூடாது. மேற்கேயிருந்து வீசும் அந்தக் காற்று, வடக்கு நோக்கிப் போகும் இந்தச் சாலையில் இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். வாழையும் மூங்கிலும் அதைத் தடுத்துக்கொண்டிருக்க, பாலத்தின் மேல் ஏறியதும் ஆற்றின் திறந்த வழியாகத் திடீரென்று மோதும். ஹாண்டில்பாரை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்வது அவசியம். திருவையாற்றில் இறங்கியதும் பாசிப்பருப்பில் செய்த அசோகா அல்வாவை வாழையிலைத் துண்டில் வாங்கிச் சாப்பிடாமல் திரும்புவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கிழக்கே காவிரியோடு கூடவே வந்தால் எப்படியிருக்கும் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.