இயற்கை மருத்துவமும் ஹோமியோபதியும்: ஷரீஅத்தின் அளவுகோல்

கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சிப் பகுதியில் 'இயற்கை வைத்தியம்' என்னும் சொல், பிற ஊர்களிற்போலவே, மூன்று முறைகளுக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. மலையாளிப் பழங்குடியினரின் பச்சிலை வைத்தியம் ஒன்று. மருந்தே கொடாத இயற்கை மருத்துவம் மற்றொன்று. வெள்ளை உருண்டைகளாக வரும் ஹோமியோபதி மூன்றாவது. முதலாவது இம்மண்ணுக்குரியது. ஏனைய இரண்டும் இன்றைய வடிவத்தைப் பெரிதும் ஜெர்மனியில் பெற்றவை. எனினும் கொள்கையால் எதிரெதிரானவை.

ஹோமியோபதியை வகுத்த சாமுவேல் ஹானிமன் (1755–1843), 1790இல் சிங்கோனாப் பட்டையைத் தாமே உண்டு சோதித்தார். நலமுள்ளவரிடம் ஒரு நோயின் குறிகளைத் தோற்றுவிக்கும் பொருளே அந்நோயைத் தீர்க்கும் என்று முடிவு கண்டு, 1810இல் 'ஆர்கனான்' நூலில் விரித்துரைத்தார். மருந்தின் ஒரு பங்கை 99 பங்கு நீரிலோ ஆல்கஹாலிலோ கலந்து குலுக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஆற்றல் பெருகும் என்பதும் அவர் கொள்கையே. 30 முறை செய்தது '30சி' எனப்படும். ஆனால் வேதியியல் கணக்கின்படி 12 முறைக்குமேல் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது.

இயற்கை மருத்துவமோ மருந்தையே விலக்குவது. நீர், மண், வெயில், உணவு, நோன்பு ஆகியவையே அதன் கருவிகள். லூயி கூனே, அடால்ஃப் யுஸ்ட் ஆகியோரின் நூல்களால் கவரப்பட்ட காந்தியடிகள் 1946இல் மகாராஷ்டிரத்தின் உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் கண்டார்.

இனி, நம் மக்கள் அடிக்கடி கேட்கும் வினா: ஆல்கஹால் கலந்த ஹோமியோபதி மருந்து ஆகுமா? மதுவை மருந்தாக்குவது பற்றி வினவப்பட்டபோது, அது மருந்தன்று, நோயே என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தனி மதுவுக்குரிய இத்தடையை ஏற்றே, பிற பொருளோடு கலந்து கரைந்துவிட்டதை, தூய மாற்று மருந்து இல்லாதபோதும் பயன் அறியப்பட்டபோதும் ஷாஃபிஈ அறிஞர்கள் அனுமதித்தனர். திராட்சையும் பேரீச்சையும் அல்லாதவற்றிலிருந்து பெற்ற ஆல்கஹாலில் ஹனஃபி அறிஞர் பலர் இன்னும் இடமளிப்பர். ஆக, ஷாஃபிஈ மத்ஹபில் சலுகையே பயனைப் பொறுத்தது. மருந்து பலிக்கிறதா என்னும் ஆராய்ச்சி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. ஃபத்வா அளிப்போர்க்கும் உரியது.

அவ்வாராய்ச்சி கூறுவது என்ன? எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயனளிப்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றம் 2015இல் அறிவித்தது. இயற்கை மருத்துவம் வற்புறுத்தும் உப்புக் குறைப்பு, நடைப்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு ஆகியவை இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் நலம் தருபவை என்பதை நவீன மருத்துவமும் ஏற்கிறது. ஆனால், இன்சுலின் இன்றியமையாத ஒருவர் அதனை நிறுத்திவிட்டு நோன்பிருந்தால் உயிருக்கே கேடு.

பயன் நிறுவப்பட்ட மருந்து எத்தகையது என்பதற்குக் கள்ளக்குறிச்சியே சான்று. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிப்பது. அம்மாற்றத்தைத் தடுக்க ஃபோமெப்பிசோல் கொடுப்பர். அது கிட்டாவிடில் எத்தனாலையே அளந்து செலுத்துவர். இரத்தச் சுத்திகரிப்பும் செய்வர். மதுவின் பொருளே இங்கு மருந்தாவதால், இது ஹோமியோபதியின் கொள்கை போலத் தோன்றலாம், உண்மை அதுவன்று. மெத்தனாலை மாற்றும் நொதியை எத்தனால் பற்றிக்கொள்கிறது. அதற்குப் போதிய அளவு வேண்டும். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்னும் ஃபிக்ஹு விதிக்கு இது தெளிந்த எடுத்துக்காட்டு. இத்தகைய வேளையில் உருண்டையும் மண்பட்டியும் தேடி மணித்துளிகளை இழப்பது பெரும் பிழை.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் ஏற்படும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் பதிவான நபிமொழியின் கருத்து. இயற்கை என்னும் பெயர் அப்பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை. உணவும் உழைப்பும் நோன்பும் நோயை அணுகவிடாமல் காக்கட்டும். நோய் வந்தபின் தேறிய மருத்துவரையும் நிறுவப்பட்ட மருந்தையும் நாடுவோம். நலம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.