படகுக்கு உள்ளேயும் பூசுங்கள்

மரத்தில் மாதிரிப் படகு கட்டுகிறவர்கள் வெளிப்புறத்துக்கு நான்கைந்து கோட் வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவார்கள். உட்புறம் யார் கண்ணிலும் படாது என்று வெறும் மரமாகவே விட்டுவிடுவார்கள். சுக்கான் தண்டின் துளை வழியாக உள்ளே கசியும் ஒரு கரண்டித் தண்ணீர் போதும், அத்தனை உழைப்பும் வீணாக.

மரம் அறுபட்ட பிறகும் நீரை உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. அதன் செல் சுவர்கள் ஈரக்காற்றிலிருந்துகூட நீரை இழுத்து வீங்கும். உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் ஈரம் ஏறும்வரை வீக்கம் தொடரும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வீங்கினாலாவது பரவாயில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் வீக்கம், வளையத்துக்குக் குறுக்கே ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் அநேகமாக வீக்கமே இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள பலகையில் உட்புறம் மட்டும் ஈரம் ஏறினால் பலகை வளையும், பசை வைத்த இணைப்பு பிளக்கும்.

அறுத்த முனைகளைக் கவனியுங்கள். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உடனே உள்ளே இறங்கிவிடும். மரக்குழாய்களின் வாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. முதல் கோட்டை டர்பெண்டைன் கலந்து நீர்க்க அடிப்பது இந்த வாய்களுக்குள் இறங்கத்தான். அது காய்ந்ததும் மரத்தில் பூனைமயிர்போல் நார்கள் சிலிர்த்து நிற்கும். மெல்லிய உப்புத்தாளால் அவற்றைத் தேய்த்துவிட்டு அடுத்த கோட்டுக்குப் போகலாம். முனைகளுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு கோட் கொடுங்கள்.

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதில் எபாக்சி கெட்டிக்காரன், வெறும் ஆளிவிதை எண்ணெய் மிகப் பலவீனம். ஆனால் எபாக்சியை வெயில் அரித்துவிடும். அதனால் அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வார்னிஷ் அவசியம். அரக்குப் பூச்சு அழகுதான். தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும், ஏரியில் விடும் படகுக்கு அதை மேல்பூச்சாக நம்ப வேண்டாம்.

எண்ணெய் வார்னிஷ் வெறுமனே ஆவியாகிக் காய்வதில்லை. கரைப்பான் பறந்தபின், எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வலைபோல் பின்னிக்கொண்டு இறுகுகிறது. அப்போது வெப்பமும் வெளிப்படும். படகின் மேல் அது தெரியாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, தானாகத் தீப்பிடிக்கலாம். வேலை முடிந்ததும் துணியை வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.