பொட்டலத்துக்குள் 1000 கோடி பேர்!

உயிர் உரம் தயாராகும் இடமென்றால் மாட்டுத்தொழுவ வாசனை வரும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். உள்ளே ஆபரேஷன் தியேட்டர் தோற்கும் சுத்தம்! செருப்பு வெளியே, கையில் ஸ்பிரிட். இத்தனை உபசாரமும் யாருக்கு? கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவான அசோஸ்பைரில்லம் அம்மணிக்கு.

காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நெல்லுக்குக் கொடுப்பவர் அல்லவா! ஆனால் பொல்லாத நாசூக்கு. காற்று வேண்டும், அதுவும் அளவாக வேண்டும். பச்சை ஊடகம் நிரப்பிய சோதனைக் குழாயில் விட்டால், மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே தோதான இடம் பார்த்து வெள்ளைப் படலமாக உட்கார்ந்துகொள்கிறார். பச்சை நீலமாகிவிடுகிறது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கைதட்டத் தோன்றும்.

பக்கத்துத் தட்டில் பாஸ்போபாக்டீரியா. அமிலம் சுரந்து, கரையாத பாஸ்பேட்டைக் கரைக்கிறது; கலங்கிய தட்டில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தெளிந்த வட்டம். மண்ணில் பூட்டிக்கிடக்கும் மணிச்சத்து பயிருக்குக் கிடைப்பது இப்படித்தான்.

குடுவையில் பெருகியதும் ஃபெர்மென்டர் என்ற வளர்ப்புக் கலனுக்குப் பயணம். வேண்டாத கிருமி புகுந்தால் மொத்தமும் வீண் என்பதால் காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். அடுத்து, இவர்களைச் சுமந்துபோக நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. ஆமாம், மின்சாரம் எடுக்கிற அதே கரி! மாவாகப் பொடித்து, கால்சியம் கார்பனேட்டால் அதன் அமிலத்தைச் சமன்செய்து, 121 டிகிரி நீராவியில் வேகவைத்து, ஆறியபின் பாக்டீரியாவைச் சேர்த்துப் பிசைகிறார்கள். தொட்டால் புட்டு மாவின் ஈரம். நிறம் மட்டும் கன்னங்கரேல்.

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இந்தப் பொடியில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். 200 கிராம் பொட்டலத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 1000 கோடி! உலக மக்கள்தொகையே இன்னும் 850 கோடியைத் தொடவில்லை.

இவ்வளவு சீராட்டி அனுப்பியதைக் கடை வாசல் வெயிலில் போட்டுவைத்தால் அரோகராதான். யூரியாவோடு கலந்து தூவினாலும் அதே கதி. அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். ஆறிய கஞ்சி, சாமி, ஆறிய கஞ்சி! நிலத்தில் இடுவதானால் மக்கிய தொழு உரத்தோடு. மக்கு இல்லாத மண்ணில் இவர்களுக்குத் தீனி ஏது?

வேர்முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியம் வாங்கினால் பயிரின் பெயரையும் பாருங்கள். நிலக்கடலைக்கானது சோயாவுக்கு ஒத்துவராது. பூக்கும் பருவத்தில் ஓர் உளுந்துச் செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பா? வேலை ஜோராக நடக்கிறது. வெளுத்துக் கிடந்தால், அந்தப் பொட்டலத்தின் காலாவதித் தேதியைத் தேடுங்கள்.