கட்டுண்ட கான்கிரீட்

சென்ற வாரம் எஃகுக் குழாய்க்குள் கான்கிரீட்டை நிரப்பி நிறுத்தும் தூண்களைப் பற்றி எழுதியபோது, உப்புநீரில் நின்று நாள்பட்டால் அந்தக் குழாய் துருவேறி மெலியும் என்ற குறையைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். அதற்குப் பரிகாரம் தேடிய பொறியாளர்கள் எஃகைக் கைவிட்டு, கண்ணாடி இழைகளையோ கார்பன் இழைகளையோ பிசினில் தோய்த்து உருளையின்மேல் சுற்றி இறுகச் செய்த குழாய்களை எடுத்துக்கொண்டார்கள். துருவை விலக்குவதற்காக வந்த இந்தக் குழாய், பலத்தின் விஷயத்தில் எஃகுக்கு முற்றிலும் மாறான ஸ்வபாவமுடையது.

கான்கிரீட் உருளையை மேலிருந்து அமுக்கினால், அது உயரத்தில் குறுகுவதோடு பக்கவாட்டில் சற்றே பருக்கவும் செய்யும். சுமை உச்சத்தை நெருங்க நெருங்க, உள்ளே நுண்ணிய விரிசல்கள் பரவி, அந்தப் பருமன் திடீரென்று வேகங்கொண்டு, உருளை நெடுக்காகப் பிளந்து சிதறிவிடும். ஆனால் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்துப் பருக்கவிடாமல் செய்தால் நிலைமை மாறும். சாக்கில் திணித்துக் கட்டிய மணல் ஆள்மேல் ஆள் ஏறி நின்றாலும் தாங்குவதுபோல, பிதுங்க வழியில்லாத கான்கிரீட்டும் தன் இயல்பான பலத்துக்கு மேல் சுமக்கும். இந்த உண்மையைக் கொண்டு பிரான்ஸில் கான்சிடேர் என்னும் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தூணுக்குள் சுருள்கம்பி வைத்தார். 1928இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்டும் அவருடைய சகாக்களும் உருளைகளின் பக்கங்களில் திரவ அழுத்தம் தந்து சோதித்து, பக்க அழுத்தம் ஒரு பங்கு ஏறினால் தாங்கும் சக்தி ஏறக்குறைய 4.1 பங்கு ஏறும் என்று கணக்கிட்டார்கள். இழைக் குழாய்க்கு அந்த எண் அப்படியே பொருந்தவில்லை. ஹாங்காங்கில் லாம், டெங் என்ற இருவர் 2003இல் வெளியிட்ட சூத்திரம் 3.3 என்று அடக்கிச் சொல்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 600 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு குழாய், கிழியும் தறுவாயில் வளையத் திசையில் 300 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்குகிறதென்று வைத்துக்கொண்டால், அது உள்ளிருக்கும் கான்கிரீட்டுக்குத் தரும் பக்க அழுத்தம் 6 மெகாபாஸ்கல். அதன் பயனாக, 30 மெகாபாஸ்கல் பலமுள்ள கான்கிரீட் ஏறக்குறைய 50 வரை தாங்கும். குழாயின் கனத்தை அப்படியே வைத்து விட்டத்தை மட்டும் இரட்டித்தாலோ பக்க அழுத்தம் பாதியாகிவிடும். பருத்த தூண்களுக்கு இந்த யுக்தி தரும் லாபம் குறைவு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சதுரத் தூணின் நிலையோ இன்னும் மோசம். மூலைகள் மட்டுமே இறுக்க, நடுப்பக்கங்கள் தளர்ந்து கிடக்கும்.

எஃகு ஓர் எல்லைக்குமேல் இளகி நீளும். அதன் பிறகு அது தரும் இறுக்கம் கூடாமல் ஒரே நிலையில் நிற்கும். இழையோ கடைசிவரை இளகாது. கான்கிரீட் பருக்கப் பருக்க அதன் பிடி இறுகிக்கொண்டே போவதால், சாதாரண கான்கிரீட் சோர்ந்து விழும் இடத்தைத் தாண்டியும் இந்தத் தூண் சுமையை ஏற்றுக்கொண்டே செல்கிறது. முடிவு மட்டும் கொடியது. இழை அறுந்த கணமே இறுக்கம் போய் எல்லாம் போய்விடும். அதுவும், தட்டையாக வெட்டிய துண்டைத் தனியே இழுத்துப் பார்த்தபோது எவ்வளவு நீளுமென்று தெரிந்ததோ, அந்த அளவுக்கு முன்பே குழாய் கிழிந்துவிடுவது வழக்கம். ஆகவே துண்டின் கணக்கை நம்பித் தூணைக் கட்டுவது சாகசமே தவிரச் சாமர்த்தியமல்ல.

இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். வளையமாக ஓடும் இழை பருமனைத் தடுக்கும்; நெடுக்காக ஓடும் இழை வளைவைத் தாங்கும். உத்தரமாகப் படுக்கவைத்த குழாயில் அழுந்துகிற பாதியை மட்டுமே சற்று இறுக்க முடிவதால், அங்கே வளைய இழையால் பெரும் பிரயோஜனம் இல்லை. குழாயின் உட்சுவர் வழவழப்பாயிருந்தால் கான்கிரீட் நழுவும். அதைத் தடுக்க உள்ளே மணலை ஒட்டிச் சொரசொரப்பாக்குவதும் உண்டு.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நாட்டோவே ஆற்றின்மேல் 40ஆம் எண் சாலைப் பாலத்தைப் புதுப்பித்தபோது, அதன் தாங்கு வரிசைகளில் ஒன்றுக்கு, சுமார் 62 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியிழைக் குழாய்களில் கான்கிரீட்டை நிரப்பி, அவற்றை மண்ணுக்குள் பைல்களாக, அதாவது அடித்தளத் தூண்களாக, அடித்து இறக்கினார்கள். ஃபாம், ரிஸ்கல்லா முதலிய ஆய்வாளர்கள், அதற்கு முன்னரே அந்தப் பைலையும் வழக்கமான முன்னழுத்தக் கான்கிரீட் பைலையும் வளைத்தும் அடித்தும் ஒப்பிட்டுச் சோதித்திருந்தார்கள். தண்ணீரிலும் மண்ணிலும் நிற்கும் பைலுக்கு நெருப்புப் பயம் இல்லை. கட்டடத்தின் தூணுக்கோ உண்டு. பிசின் சுமார் 100 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்குவதால், தீயில் குழாயின் இறுக்கம் கழன்று கான்கிரீட் மீண்டும் தன் சொந்தப் பலத்தில் தனித்து நிற்க நேரும். ஆற்றிலும் கடலோரத்திலும் இந்தக் குழாய்க்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். மாடிக் கட்டடத்துக்குள் அதை அழைப்பதானால் தீக்காப்புப் பூச்சோடுதான் அழைக்கவேண்டும்.

2008இல் மெய்ன் மாகாணத்தின் பிட்ஸ்ஃபீல்டில், துணிபோல் சுருட்டிக் கொண்டுவந்த இழைக் குழாய்களைக் காற்றால் உப்பவைத்து, பிசின் பாய்ச்சி இறுக்கி, 23 வளைவுகளாக நிறுத்தி, அவற்றுக்குள் கான்கிரீட்டைப் பாய்ச்சிக் கட்டிய நீல் பாலத்தைப் பற்றி அடுத்த வாரம்.