பெட்ரோல் மிகுந்து எரியும் பழைய எஞ்சின்: காரணம் காணும் முறை

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள ஹவுரா, வார்ப்படச் சாலைகளுக்கும் கடைசல் பட்டறைகளுக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற நகரம். அதற்கு வடக்கே, ஹூக்ளி மாவட்டத்து உத்தரபாராவில், அம்பாஸடர் கார் 2014 மே மாதம் வரை உற்பத்தி செய்யப்பட்டு வந்தது. அதன் பெட்ரோல் வகைகளுள் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் பொருத்தப்பட்டவை, பிற்காலத்தில் கார்புரேட்டரை விடுத்து இன்ஜெக்டர் முறைக்கு மாறின. இவ்வாறு மாறிய முதல் தலைமுறைக் கார்கள், எந்தக் கம்பெனியின் தயாரிப்பாயினும், இன்று பழைய கார்களே.

பதினைந்து ஆண்டு கடந்த வாகனங்களைக் கொல்கத்தாவிலிருந்தும் ஹவுராவிலிருந்தும் ஆறு மாதத்திற்குள் விலக்க வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் பணித்தது. வாகனத்தின் வயதுக் கணக்கு ஒருபுறமிருக்க, ஓடும் நாள் வரையில் அது புகைச் சோதனையில் தேறியாக வேண்டும். தேறாத கார் பட்டறைக்கு வருகிறது. பிளக், ஏர் பில்டர், பிராணவாயு சென்சார் என ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. புகை மட்டும் மாறுவதில்லை. செலவு வண்டிக்காரர் தலையில் விழுகிறது. நச்சு வாயு தெருவில் நடப்போரின் நுரையீரலைச் சேர்கிறது. பாகங்களை மாற்றுவதற்கு முன்பு காரணத்தைக் கண்டறியும் முறை யாதென்பதை இங்கு நோக்குவோம்.

மிகுதி என்பது யாது?

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோகிராம் காற்று தேவை. பெட்ரோல் இவ்விகிதத்திற்கு மேற்பட்டால் கலவை மிகுந்தது எனப்படும். பட்டறைகளில் இதனை 'ரிச்' என்பர். பிராணவாயு போதாமையால் கரியின் ஒரு பகுதி கரியமில வாயுவாக மாறாமல் கார்பன் மோனாக்ஸைடாகவே நின்றுவிடுகிறது. மிகுதி அளவு கடந்தால் புகைக்கரியும் தோன்றும். ஹரிக்கேன் விளக்கின் திரியை அளவுக்கு மேல் ஏற்றினால் கண்ணாடி கறுப்பதும் இதே காரணத்தால்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பன்சன் விளக்கின் காற்றுத் துளையை மூடி, மஞ்சள் சுடரில் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் காட்டினால், மாணவர்கள் இதனை நேரில் காணலாம்.

பெட்டியின் தீர்ப்பும் சாட்சிகளும்

கார்புரேட்டரில் காற்றின் ஓட்டமே பெட்ரோலை இழுக்கிறது. இன்ஜெக்டர் முறையிலோ, ஈ.சி.யூ. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்டு திறந்திருக்க வேண்டுமென்று கணக்கிடுகிறது. எஞ்சினின் வேகம், உட்புகும் காற்றின் அளவு அல்லது அழுத்தம், நீரின் உஷ்ணநிலை, புகையில் எஞ்சும் பிராணவாயு ஆகியவற்றைச் சென்சார்கள் அதற்கு அறிவிக்கின்றன. பெட்டி ஒரு நீதிபதி, சென்சார்கள் சாட்சிகள். சாட்சி பொய்யானால் தீர்ப்பும் பிழைபடும். பெட்டியே பழுதாவது அரிது. ஆதலின் அதனைக் கடைசியாகவே ஐயுற வேண்டும்.

ஏர் பில்டர் அடைபட்டால் கார்புரேட்டர் எஞ்சினில் கலவை மிகும். இன்ஜெக்டர் எஞ்சினில் குறைந்த காற்றைப் பெட்டி அளந்தறிந்து பெட்ரோலையும் குறைத்துவிடும். பழைய அனுபவம் புதிய முறைக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

முதற்படி: புகையைப் படித்தல்

எஞ்சின் முற்றிலும் சூடேறிய பின்பே சோதிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தருவது பெட்டியின் கடமை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பாரத் நிலை 2, 3 வகைப் பெட்ரோல் கார்கள் நடையற்று ஓடும்போது கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்கையும் தாண்டலாகாது. அதற்கு முந்தைய கார்களுக்கு இவ்வெல்லை 3 சதவீதமும் 1,500 பங்குமாகும்.

கார்பன் மோனாக்ஸைடு உயர்ந்திருந்தால் கலவை மெய்யாகவே மிகுந்தது எனக் கொள்ளலாம். அது குறைந்து ஹைட்ரோகார்பன் மட்டும் உயர்ந்திருந்தால், ஏதோவொரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்று பொருள். அப்போது பிளக், உயர் மின்னழுத்தக் கம்பி, வால்வு ஆகியவற்றை நோக்க வேண்டும். பெட்ரோல் வாடை இரண்டிலும் வீசும் ஆதலால், மூக்கை மட்டும் நம்பி முடிவு செய்தல் தகாது.

இரண்டாம் படி: பிராணவாயு சென்சாரை விசாரித்தல்

பழைய கார்களில் பெரும்பாலும் காணப்படும் ஸிர்கோனியா சென்சார், சூடேறிய பின் சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மின்னழுத்தம் தரும். நல்ல நிலையில் அது 0.45 வோல்டின் மேலும் கீழுமாக ஊசலாடும். டிஜிடல் மீட்டரால் இதனை அளக்கலாம்.

புகை மிகுதியைக் காட்ட, சென்சாரும் உயர்ந்தே நின்றால், சாட்சி உண்மை சொல்கிறது. அதனை மாற்றுவது வீண் செலவு. கோளாறு வேறிடத்தில் உள்ளது. புகை மிகுதியைக் காட்டியும் சென்சார் தாழ்ந்தே நின்றால், அச்சாட்சி தவறானது. சென்சார் செயலிழந்திருக்கலாம்; அல்லது அதற்கு முன்னுள்ள புகைக்குழாயின் வெடிப்பு வழியே வெளிக்காற்று புகுந்திருக்கலாம். எரியாத சிலிண்டரிலிருந்து வரும் பிராணவாயுவும் சென்சாரை இவ்வாறே ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்று கருதிப் பெட்டி மேலும் மேலும் ஊற்றும்.

மூன்றாம் படி: மற்றச் சாட்சிகள்

நீரின் உஷ்ணநிலையை அறிவிக்கும் சென்சாரில், சூடு ஏற ஏற மின்தடை குறையும். பரவலாக வழங்கும் ஒரு வகையில் 20 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 2,500 ஓம், 40 டிகிரியில் 1,200 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் இருக்கும். மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கும் ஹவுரா போன்ற நகரில், மின் இணைப்பில் களிம்பேறி 900 ஓம் கூடிவிட்டதாகக் கொள்வோம். 80 டிகிரியிலுள்ள எஞ்சினை 40 டிகிரி என்று பெட்டி கருதும். பெட்ரோலையும் கூட்டித் தரும். கம்பி அறுந்தால் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். களிம்பு அத்தகைய எச்சரிக்கை எதுவும் தராமலே ஏமாற்றும். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் சூடேறாமல் இதே விளைவு ஏற்படும்.

காற்றழுத்தச் சென்சாருக்குச் செல்லும் ரப்பர் குழாய் பிளந்திருப்பின், எஞ்சின் பெரும் பளு இழுப்பதாகப் பெட்டி கருதிவிடும். இதனைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் கண்டுகொள்ளலாம்.

நான்காம் படி: பெட்ரோலின் அழுத்தம்

சாட்சிகள் யாவும் உண்மையாயின், பெட்டி கேளாமலே பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தச் சீராக்கியின் சிறு குழாயைக் கழற்றினால், அதனுள் பெட்ரோல் ஈரம் இருக்கலாகாது. இருந்தால் உள்ளிருக்கும் மென்தகடு கிழிந்துள்ளது. திரும்பு குழாய் நசுங்கியிருந்தால் அழுத்தம், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் ஏறும். எஞ்சினை நிறுத்திய பின் அழுத்தம் விரைவில் இறங்குவது, இன்ஜெக்டர் கசிவால் நேரலாம். ஆனால் பம்பின் தடுப்பு வால்வும் சீராக்கியும் அதே குறியைக் காட்டக்கூடும். ஆதலின் பிளக்குகளைக் கழற்றி, எது நனைந்து கறுத்துள்ளது என்று பார்த்த பின்பே முடிவு கூற வேண்டும்.

எண்ணெயளவுக் கம்பியையும் முகர்ந்து பார்த்தல் நலம். எஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தால், அதன் ஆவி மீண்டும் உட்புகுந்து கலவையை மிகுவிக்கும். மூலக் கோளாறு நீங்கிய பின்னும் எண்ணெயை மாற்றாவிடில் புகை குறையாது.

காப்பும் பயிற்சியும்

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட பிடிப்புடன் சேர்கிறது. எனவே சந்துகளிலுள்ள மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தல் கூடாது. பெட்ரோல் குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை இறக்கி, அருகில் நெருப்பின்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழித்துப் போட்ட ஓர் உஷ்ணநிலைச் சென்சாரையும் ஒரு மீட்டரையும் கொண்டு, ஆசிரியர்கள் நல்லதொரு பாடம் நடத்தலாம். வெந்நீரில் சென்சாரின் முனையை அமிழ்த்தி, நீர் ஆற ஆறத் தடை ஏறுவதை மாணவர்கள் வெப்பமானியுடன் சேர்த்துக் குறித்து வரைபடமாக்கலாம். பின்னர் அதனுடன் ஒரு சிறு தடையைத் தொடரில் இணைத்து, அதே நீரின் உஷ்ணநிலையை அவ்வரைபடத்தால் கணிக்கச் சொல்ல வேண்டும். நீரின் சூடு மாறாதிருக்கக் கணிப்பு மட்டும் தவறுவதைக் காணும் மாணவன், நாளை பட்டறையில் நிற்கும்போது, பெட்டியைக் கழற்றுமுன் இணைப்பைத் துடைத்துப் பார்ப்பான்.